ரிசர்வ் வங்கியில் ஊழியர் பயிற்சியும் பணி வளர்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்திய ரிசர்வ் வங்கியில் புதிதாகச் சேர்பவர்களும், அங்கே பயிற்சிப் பொறுப்பைக் கவனிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். ஊக்கத்தொகை, படிப்பு விடுப்பின் நாள்கள், கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் போன்றவை சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும். அவற்றுக்கு நடப்புச் சுற்றறிக்கையைப் பார்ப்பதே சரி.

கடினமான தேர்வில் வென்று வருகிறவர்களுக்கு எதற்குத் தனிப் பயிற்சி?

தேர்வு அவர்களுடைய அறிவைத்தான் சோதிக்கிறது, வேலையை அல்ல. அதிகாரி நிலையான கிரேடு பி-யின் பொதுப் பிரிவுக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அதனால் பொறியாளர், கால்நடை மருத்துவர், வரலாறு படித்தவர் எல்லோரும் ஒரே அணியில் வந்து சேர்கிறார்கள்.

ஏற்கெனவே ஒரு வங்கியில் பத்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கும் பயிற்சி வேண்டும். வணிக வங்கியில் கடன் கொடுக்கக் கற்றிருப்பார். இங்கே, கடன் கொடுத்தவர் ஒழுங்காகக் கொடுத்தாரா என்று பார்க்க வேண்டும். நோட்டு வெளியீடு, வங்கி உரிமம், அரசுக் கடன் பத்திர ஏலம், அன்னியச் செலாவணிக் கையிருப்பு நிர்வாகம் ஆகியவற்றை நாட்டில் வேறு எந்த நிறுவனத்திலும் செய்து பழகிவிட்டு வர முடியாது. மத்திய வங்கி தன் ஆட்களைத் தானேதான் உருவாக்கிக்கொள்ள வேண்டும்.

எந்தெந்தப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன? யாரை எங்கே அனுப்புவார்கள்?

அதிகாரிகளுக்கு முதன்மையானது சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டைப் பகுதியில் உள்ள ரிசர்வ் வங்கி பணியாளர் கல்லூரி. 1963-ல் தொடங்கியது. புதிய அதிகாரிகளின் அறிமுகப் பயிற்சி, பதவி உயர்வு பெற்றவர்களுக்கான நிர்வாகப் பயிற்சி, துறைசார்ந்த குறுகிய வகுப்புகள் எல்லாம் இங்கே நடக்கும்.

புனேயில் உள்ள வேளாண் வங்கியியல் கல்லூரி 1969-ல் கூட்டுறவு வங்கியாளர்களுக்காகத் தொடங்கப்பட்டது. ஊரகக் கடன், கூட்டுறவு வங்கிகள், சிறுதொழில் கடன் ஆகியவற்றை ஆழமாகக் கற்க அங்கே போக வேண்டும். ரிசர்வ் வங்கியினரோடு வெளி வங்கிகளின் அதிகாரிகளும் அங்கே வருவார்கள். எதிர்ப்பக்கத்தின் நியாயத்தை அவர்கள் வாயாலேயே கேட்க முடிவதால் இந்தக் கலப்பு மிகவும் பயனுள்ளது.

உதவியாளர்கள் முதலான எழுத்தர் நிலையினருக்கு மும்பை, சென்னை, கொல்கத்தா, புதுதில்லி ஆகிய நான்கு இடங்களில் மண்டலப் பயிற்சி மையங்கள் உள்ளன. வங்கி மேற்பார்வையாளர்களுக்கென்றே 2020-ல் மேற்பார்வையாளர் கல்லூரி உருவானது. இவை போக, ரிசர்வ் வங்கி முன்னின்று உருவாக்கிய ஆய்வு, பயிற்சி நிறுவனங்களும் உண்டு: புனேயில் தேசிய வங்கி மேலாண்மை நிறுவனம், ஹைதராபாத்தில் வங்கித் தொழில்நுட்பத்துக்கான ஐடிஆர்பிடி, மும்பையில் பொருளாதார ஆய்வுக்கான இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், மூத்த அதிகாரிகளுக்கும் வங்கி இயக்குநர்களுக்கும் வகுப்பு நடத்தும் காஃப்ரல்.

கிரேடு பி அதிகாரியாகச் சேர்ந்ததும் என்ன நடக்கும்?

தகுதிகாண் பருவம் இரண்டு ஆண்டு. தொடக்கத்திலேயே சென்னைக் கல்லூரியில் அறிமுகப் பயிற்சி இருக்கும். சட்டங்கள் (ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934, வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949, அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் 1999), ஒவ்வொரு துறையின் வேலை, கோப்பு எழுதும் முறை, நடத்தை விதிகள் எல்லாம் அப்போது வரும். நடுவில் வங்கிக் கிளைகள், கிராமப்புறம், ரிசர்வ் வங்கியின் வட்டார அலுவலகங்கள் எனக் களத்துக்கும் அனுப்புவார்கள்.

இந்தக் கட்டத்தில் பலர் சறுக்குவது சட்டத்திலோ பொருளாதாரத்திலோ அல்ல, குறிப்பு எழுதுவதில்தான். தேர்வுக் கட்டுரை எழுதிப் பழகிய கைக்கு அலுவலகக் குறிப்பு எளிதில் வராது. மேலதிகாரி முதல் பத்தியிலேயே தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: என்ன கேட்கிறார்கள், எந்த விதி பொருந்தும், நாம் பரிந்துரைப்பது என்ன. பின்னணி அதற்குப் பிறகு வரட்டும். பயிற்சியின்போதே வாரம் ஒரு குறிப்பு எழுதி, அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துச் சிவப்பு மையில் திருத்தி வாங்குங்கள். வேறு எந்தப் பாடத்தையும்விட இது அதிகம் உதவும்.

கிராமப்புறப் பயணத்தைச் சுற்றுலாபோல எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அது பெரிய இழப்பு. ஒரு சுய உதவிக் குழுவின் பதிவேட்டை முழுதாகப் படித்துப் பாருங்கள். ஒரு வங்கி முகவர் கையடக்கக் கருவியில் கைரேகை வைத்துப் பணம் கொடுப்பதை அரை நாள் உட்கார்ந்து கவனியுங்கள். இணைப்பு அறுந்தால் கிழவிக்கு என்ன பதில் சொல்கிறார், ரசீது கொடுக்கிறாரா இல்லையா என்று பாருங்கள். பின்னாளில் நுகர்வோர் பாதுகாப்பு பற்றிச் சுற்றறிக்கை எழுத நேரும்போது அந்த அரை நாள் கைகொடுக்கும்.

உதவியாளர்களுக்கு என்ன கற்றுத் தருகிறார்கள்?

வெளியீட்டுத் துறைக்குப் போகிறவருக்கு நோட்டுதான் பாடம். பொட்டலத்துக்கு 100 தாள், கட்டுக்குப் பத்துப் பொட்டலம் என்ற கணக்கில் தொடங்கி நல்ல நோட்டு, அழுக்கு நோட்டு, சிதைந்த நோட்டு, கள்ள நோட்டு என்று பிரித்தறிவதுவரை போகும்.

சிதைந்த நோட்டுக்கு எவ்வளவு மதிப்பு தருவது என்று தீர்ப்பதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். வகுப்பில் கேட்டது கையில் நிற்காமல் போவது இங்கேதான். 2009-ஆம் ஆண்டின் நோட்டு திருப்பிச் செலுத்தல் விதிகளின்படி, 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில், மீந்திருக்கும் மிகப் பெரிய ஒற்றைத் துண்டு மொத்தப் பரப்பில் 80 சதவீதத்தைத் தாண்டினால் முழு மதிப்பு. 40 முதல் 80 சதவீதம்வரை பாதி. அதற்கும் கீழே ஒன்றும் இல்லை. 20 ரூபாய்வரை உள்ள நோட்டில் பாதிக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, இல்லையென்றால் இல்லை. இப்போதைய 500 ரூபாய்த் தாள் 66 மில்லிமீட்டர் அகலம், 150 மில்லிமீட்டர் நீளம். அதாவது 99 சதுர சென்டிமீட்டர். முழு மதிப்புக்கு 80 சதுர சென்டிமீட்டர் வேண்டும், பாதிக்கு 40.

பயிற்சியில் இதைக் கணக்காகச் சொல்லிவிட்டு நிறுத்தக் கூடாது. கட்டம் போட்ட கண்ணாடித் தாளை நோட்டின்மேல் வைத்து எண்ணச் சொல்ல வேண்டும். புதியவர் செய்யும் பிழைகள் ஏறக்குறைய எப்போதும் இரண்டுதான். ஒட்டுநாடாவால் ஒட்டிய இரண்டு துண்டுகளையும் சேர்த்து ஒரே துண்டாக எண்ணிவிடுவார். அல்லது துண்டுகள் ஒரே நோட்டைச் சேர்ந்தவைதானா என்று பார்க்க மறப்பார். புதிய வரிசைத் தாளில் எண் இடப்பக்கம் மேலேயும் வலப்பக்கம் கீழேயும் அச்சாகியிருக்கும். இரண்டையும் இலக்கத்துக்கு இலக்கம் ஒத்துப் பார்த்தால் வெவ்வேறு நோட்டுகளை இணைத்த மோசடி உடனே தெரிந்துவிடும். வேண்டுமென்றே வெட்டப்பட்டதாகத் தெரிந்தால் கோரிக்கையை நிராகரிக்கலாம். தீ, எலி, ஈரம் ஆகியவற்றால் ஏற்படும் சிதைவின் ஓரம் எப்படி இருக்கும், கத்தரிக்கோல் வெட்டின் ஓரம் எப்படி இருக்கும் என்று மாதிரிகளைக் கையில் கொடுத்தே பழக்க வேண்டும். படத்தில் காட்டினால் போதாது.

கள்ள நோட்டு பற்றி வங்கிக் காசாளர்களுக்கும் ரிசர்வ் வங்கியினரே வகுப்பெடுப்பதால் நடைமுறை அத்துப்படியாக இருக்க வேண்டும். கள்ள நோட்டைக் கொண்டுவந்தவரிடம் திருப்பிக் கொடுக்கவே கூடாது. முத்திரை குத்திப் பறிமுதல் செய்து, அவருக்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். ஒரே பரிவர்த்தனையில் நான்கு தாள்வரை என்றால் மாத முடிவில் தொகுத்துக் காவல்துறைக்கு அறிக்கை. ஐந்தும் அதற்கு மேலும் என்றால் உடனே புகார். ‘பாவம், தெரியாமல் கொண்டுவந்துவிட்டார்’ என்று திருப்பிக் கொடுக்கும் காசாளர், அந்த நோட்டு வேறொருவர் தலையில் விழ வழி செய்கிறார் என்பதைப் பயிற்றுநர் அழுத்திச் சொல்ல வேண்டும்.

வங்கிகளை ஆய்வு செய்யும் அதிகாரியை எப்படித் தயார் செய்கிறார்கள்?

இந்த வேலைக்குத்தான் அதிகக் காலம் பிடிக்கும். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு ஆய்வு அதிகாரத்தைத் தருகிறது. எதைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதைச் சட்டம் சொல்லித் தராது. 2018-ல் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற உள்கட்டமைப்பு நிதி நிறுவனம், 2019-ல் பிஎம்சி கூட்டுறவு வங்கி, 2020-ல் யெஸ் வங்கி என்று அடுத்தடுத்து நெருக்கடி வந்த காலத்தில்தான் ரிசர்வ் வங்கி தன் மேற்பார்வைத் துறைகளை 2019 நவம்பரில் ஒன்றாக்கியது. மேற்பார்வையாளர் கல்லூரி அதைத் தொடர்ந்து வந்தது.

வகுப்பில் கேட்டதை ஒரு கணக்கில் பழக்கும் விதத்துக்கு ஓர் உதாரணம் பாருங்கள். பயிற்சிக்காக இப்படி ஒரு ரொக்கக் கடன் கணக்கை (வரம்புக்குள் எடுத்தும் கட்டியும் வரும் வணிகக் கடன்) தயாரித்துக் கொடுக்கலாம்: வரம்பு 10 கோடி ரூபாய், வட்டி 12 சதவீதம், நிலுவை வரம்பை ஒட்டியே நிற்கிறது. காலாண்டு வட்டி சுமார் 30 லட்சம். ஆனால் 90 நாளில் வியாபார வரவு வெறும் 8 லட்சம். வரவு வட்டியையே ஈடுகட்டவில்லை என்பதால் கணக்கு வாராக்கடனாக வேண்டும். மார்ச் 28-ல் 30 லட்சம் வரவாகிறது. மார்ச் 31 அன்று கணக்கு ஒழுங்காகத் தெரிகிறது. ஏப்ரல் 3-ல் அதே 30 லட்சம் இன்னொரு நிறுவனத்துக்குப் போகிறது.

ஆண்டு முடிவுத் தேதியை மட்டும் பார்க்கும் பயிற்சியாளர் ‘சரி’ என்று எழுதிவிடுவார். பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று இரண்டு பக்கமும் ஒரு படி தள்ளிப் பார்ப்பவருக்குத்தான் வந்ததும் போனதும் ஒரே குழுமத்தின் நிறுவனங்கள் என்பது தெரியும். பிஎம்சி வங்கியில், ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கொடுத்த கடன்களை ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகளால் மறைத்தார்கள் என்பது வழக்கு. ஒரு படி தள்ளிப் பார்க்கும் பழக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அடுத்தது, கண்டதை எழுதுவது. ‘கடன் கண்காணிப்பு வலுவாக இல்லை’ என்ற வாக்கியத்தை எந்த வங்கியும் ‘வலுப்படுத்தி வருகிறோம்’ என்று ஒரே வரியில் கடந்துவிடும். எந்தக் கணக்கு, எந்தத் தேதி, எவ்வளவு தொகை, எந்த விதிக்கு முரண், மூலதனத்தில் என்ன பாதிப்பு, வங்கி சொன்ன விளக்கம் என்ன, அதை ஏன் ஏற்கவில்லை என்று எழுதினால் தப்பிக்க முடியாது. இங்கே அலட்சியத்துக்கு இடமே இல்லை. ஆய்வில் கண்ட வாராக்கடனுக்கும் வங்கி காட்டியதற்கும் உள்ள வித்தியாசம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், வங்கி அதைத் தன் ஆண்டறிக்கையில் ஊரறிய வெளியிட வேண்டும். தவறாக எழுதினால் நல்ல வங்கியின் பெயர் கெடும். எழுதாமல் விட்டால் சேமிப்பாளர்களின் பணம் போகும்.

வகுப்பு முடிந்ததும் புதியவரை மூத்த ஆய்வாளருடன் குறைந்தது இரண்டு ஆய்வுக்காவது அனுப்ப வேண்டும். முதல் ஆய்வில் சிறு பகுதி ஒன்றை, உதாரணமாக வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அல்லது கேஒய்சி மாதிரிச் சோதனையைக் கொடுக்கலாம். இரண்டாவதில் கடன் பகுதியில் ஒரு பங்கு. வங்கி நிர்வாகத்துடன் நடக்கும் முடிவுக் கூட்டத்தில் அவரும் உட்கார வேண்டும். குரலை உயர்த்தாமல், விட்டுக்கொடுக்காமல் பேசுவதை அங்கே பார்த்துத்தான் கற்க முடியும்.

பணக் கொள்கைப் பிரிவுக்குப் பொருளாதாரப் பட்டம் போதாதா?

பட்டம் கோட்பாட்டைத் தரும். அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு குறித்த நாளில் முடிவெடுப்பதைத் தராது. நல்ல பயிற்சி, வட்டி விகிதத்தை முடிவு செய்யும் பணக் கொள்கைக் குழுவையே வகுப்பில் நடத்திப் பார்ப்பது. மேசைக்கு ஆறு பேர். பணவீக்க இலக்கு 4 சதவீதம், இருபுறமும் 2 சதவீத வரம்பு. பழைய ஏதாவது ஒரு மாதத்தின் விலைவாசி, உற்பத்தி, பருவமழைத் தரவுகளை அந்த நாளில் தெரிந்திருந்த அளவுக்கு மட்டும் கொடுங்கள். பிந்தைய திருத்தங்களை மறைத்துவிடுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாக வாக்களித்து, காரணத்தை ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். உண்மையான குழுவிலும் ஒவ்வொரு உறுப்பினரின் அறிக்கையும் கூட்டம் முடிந்த 14-ஆம் நாள் வெளியாகிறது. பெயரோடு வெளிவரும் என்ற நினைப்பில் எழுதும்போதுதான் வாதத்தில் உள்ள ஓட்டை எழுதியவருக்கே தெரியும்.

வெளிநாட்டுப் பயிற்சி யாருக்குக் கிடைக்கும்?

பெரும்பாலும் அந்தத் துறையில் அப்போது வேலை பார்ப்பவருக்கு. கோலாலம்பூரில் மத்திய வங்கியினருக்காக உள்ள சியாசென் மையம், பாசலில் சர்வதேசத் தீர்வு வங்கியின் நிதி நிலைத்தன்மை நிறுவனம், இங்கிலாந்து வங்கியின் மத்திய வங்கியியல் ஆய்வு மையம், சுவிட்சர்லாந்தின் கெர்சன்சே மையம் ஆகியவை பரவலாக அறியப்பட்டவை. சர்வதேச நாணய நிதியத்தின் தெற்காசிய மையமான சார்டாக் 2017 முதல் புதுதில்லியிலேயே இயங்குவதால், முன்பு கடல் கடந்து போய்ப் படித்த பல பாடங்கள் இப்போது இங்கேயே கிடைக்கின்றன. இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு ஆறு நாட்டினரும் அங்கே ஒன்றாக உட்காருகிறார்கள்.

போகும் முன் தன் துறையில் தீராத இரண்டு மூன்று சிக்கல்களை எழுதி எடுத்துப் போக வேண்டும். அதே சிக்கலை மற்ற நாட்டவர் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேநீர் இடைவேளையில் கேட்டு வருவது, பாட நூலில் கிடைக்காது. திரும்பி வந்து பதினைந்து நாளுக்குள் துறையினருக்கு ஒரு மணி நேரம் விளக்கிச் சொல்வதைக் கட்டாயமாக்கினால், ஒருவர் போன செலவில் பத்துப் பேர் கற்பார்கள்.

வேலையில் இருந்துகொண்டே மேலே படிக்க வழி உண்டா?

உண்டு. படிப்பு விடுப்பும், வெளிநாட்டில் உயர்கல்விக்கான பொன்விழா உதவித்தொகைத் திட்டமும் இருக்கின்றன. திரும்பி வந்து குறிப்பிட்ட காலம் பணியாற்றுவதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் அதை முழுதாகப் படியுங்கள்.

வேலையோடு படிக்கக்கூடியவற்றில், வணிக வங்கி அனுபவமே இல்லாதவருக்கு முதலில் ஜேஏஐஐபி, பிறகு சிஏஐஐபி என்ற வங்கியாளர் தேர்வுகள். வங்கியின் உள்வேலை அதில் பிடிபடும். மேற்பார்வைக்குப் போக விரும்புபவர் அதற்கு மேல் இடர் மேலாண்மைக்கான எஃப்ஆர்எம் எழுதலாம். சந்தைப் பிரிவுக்கும் கையிருப்பு நிர்வாகத்துக்கும் முதலீட்டுப் பகுப்பாய்வுக்கான சிஎஃப்ஏ பொருந்தும், ஆனால் மூன்று நிலை. ஆண்டுக் கணக்கில் மாலை நேரங்களைக் கொடுக்க முடிந்தால் மட்டும் இறங்குங்கள். பாதியில் விட்ட சிஎஃப்ஏவைவிட முடித்த சிஏஐஐபி மேல்.

பயிற்சி முடிந்ததும் சம்பந்தமில்லாத துறைக்கு மாற்றிவிட்டால்?

எங்களைக் கேட்டால், பயிற்சிக்குச் செலவிடும் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். பாடத்திட்டத்தையும் பயிற்றுநரையும் எவ்வளவு மேம்படுத்தினாலும் இந்த ஓட்டையை அவற்றால் அடைக்க முடியாது. மூன்று வார இணையப் பாதுகாப்புப் பயிற்சி முடித்தவர் மறுமாதம் ஓய்வூதியப் பிரிவில் உட்கார்ந்தால், ஆறு மாதத்தில் கற்றது கரைந்துவிடும். அவர் இடத்துக்கு வந்தவருக்கு அந்தப் பயிற்சி இருக்காது.

மாறுதல் வேண்டாம் என்று சொல்லவில்லை. பல துறை பார்த்தவர்தான் பின்னாளில் நல்ல தலைமைப் பொது மேலாளர் ஆகிறார். ஒரே வங்கியைப் பல ஆண்டு பார்த்துக்கொண்டிருப்பதிலும் ஆபத்து உண்டு. வேண்டியது வரிசை மாற்றம். முதலில் மாறுதல் ஆணை, பிறகு பயிற்சி, உடனே அந்த மேசை. நீண்ட பயிற்சி பெற்றவரை இரண்டு ஆண்டுக்காவது அந்தத் துறையிலிருந்து எடுக்கக் கூடாது. மாறுதல் பட்டியல் தயாரிப்பவரும் பயிற்சி நாள்காட்டி தயாரிப்பவரும் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே அறையில் உட்கார்ந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

ஊழியர் பக்கமும் செய்யக்கூடியது உண்டு. விருப்ப மாறுதல் கேட்கும்போது, முடித்த பயிற்சிகளையும் அதை வைத்துச் செய்த வேலையையும் விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்று துறை எப்படி முடிவு செய்ய வேண்டும்?

கடைசி நாளில் அழைப்பு வந்ததும் ‘யார் கையில் வேலை குறைவு?’ என்று தேடி அனுப்புவது எங்கும் நடக்கிறது. அதனால் பயிற்சி அதிகம் தேவைப்படும் ஆள், வேலை நிறைய இருப்பதாலேயே, ஒரு வகுப்புக்கும் போகாமல் ஆண்டுகளைக் கழிப்பார்.

ஒரு தாளில் துறையின் பணிகளை இடப்பக்கம் எழுதுங்கள், ஆட்களின் பெயரை மேலே. ‘தனியாகச் செய்வார்’, ‘துணையோடு செய்வார்’, ‘தெரியாது’ என்று மூன்றே குறி. ஒரு பணிக்கு நேராக ஒரே ஒருவர்தான் தனியாகச் செய்வார் என்று வந்தால் அதுதான் அவசரம். அவர் ஓய்வுபெறும் நாளைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

யார் பாடம் நடத்துகிறார்கள்?

பெரும்பாலும் துறைகளிலிருந்து சில ஆண்டுகளுக்கு வரும் அதிகாரிகளே. களத்திலிருந்து வருவதால் பாடத்தில் உயிர் இருக்கும். மூன்றாம் ஆண்டிலும் முதல் ஆண்டின் படக்காட்சியையே ஓட்டினால் அந்த உயிர் போய்விடும். 2022 ஏப்ரலில் நிலை வைப்பு வசதி (வங்கிகள் உபரிப் பணத்தை ரிசர்வ் வங்கியில் வைக்கும் வழி) வந்து, குறுகிய கால வட்டிப் பாதையின் கீழ் எல்லையானது. அதே ஆண்டு நகரக் கூட்டுறவு வங்கிகளின் வகைப்பாடு நான்கு அடுக்குகளானது. முன்பு அந்த எல்லையாக இருந்த ரிவர்ஸ் ரெப்போ வட்டியை இன்னும் கீழ் எல்லையாகக் காட்டும் பழைய கையேடு புதியவர் கைக்குப் போனால், அவர் தவறையே உறுதியாகக் கற்றுக்கொள்வார். ஒவ்வொரு கையேட்டின் முதல் பக்கத்திலும் கடைசியாகச் சரிபார்த்த தேதி இருக்க வேண்டும்.

உண்மையான ஆய்வுக் கோப்பைப் பாடமாக்கும்போது வங்கியின் பெயரை மட்டும் அழித்தால் போதாது. ஊர், ஆண்டு, பெரிய கடனாளியின் தொழில் மூன்றும் சேர்ந்தால் எந்த வங்கி என்று கண்டுபிடித்துவிடலாம். எண்களை ஒரே விகிதத்தில் மாற்றி, தொழிலையும் ஊரையும் மாற்றிவிட வேண்டும்.

ஆன்லைன் வகுப்பே போதாதா?

விதிகளைப் படிக்கப் போதும். நிதி நிலைத்தன்மை நிறுவனத்தின் எஃப்எஸ்ஐ கனெக்ட் பாடங்கள், மூலதனம், நீர்மை (தேவைக்கு உடனே பணம் கிடைக்கும் நிலை) போன்றவற்றை அடிப்படையிலிருந்து சொல்லித் தருகின்றன. அவற்றை முன்பே முடித்துவிட்டு வரச் சொல்லி, நேர் வகுப்பு முழுவதையும் பயிற்சிக் கணக்குகளுக்கு வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. நோட்டைத் தடவிப் பார்ப்பதையும் வங்கி மேலாளரைக் கேள்வி கேட்பதையும் திரையில் கற்க முடியாது.

இலங்கையில் எப்படி?

1950-ல் தொடங்கிய இலங்கை மத்திய வங்கிக்கு இராஜகிரியவில் வங்கித்தொழில் கற்கைகள் நிலையம் இருக்கிறது. தன் ஊழியர்களோடு வணிக வங்கியினருக்கும் பிற நிதி நிறுவனத்தாருக்கும் அது குறுகிய கால வகுப்புகள் நடத்துகிறது.

பயிற்சி பலன் தந்ததா என்று எப்படி அறிவது?

வகுப்பு முடிந்ததும் நிரப்பும் கருத்துப் படிவம் உணவும் அறையும் பேச்சாளரும் எப்படி என்பதைத்தான் சொல்லும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-லேயே நான்கு படிகளைப் பிரித்துக் காட்டினார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாற்றம் வந்ததா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. பல நிறுவனங்கள் முதல் படியோடு நின்றுவிடுகின்றன.

மூன்றாம் படியை அளக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஆய்வறிக்கைப் பயிற்சி என்றால், பயிற்சிக்கு முன் அவர் எழுதிய அறிக்கை ஒன்றையும், ஆறு மாதம் கழித்து எழுதிய ஒன்றையும் பெயரை மறைத்து மூத்த ஆய்வாளரிடம் கொடுங்கள். எத்தனை கண்டறிதல்களில் தேதியும் தொகையும் விதியும் இருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். நோட்டுப் பிரிவு என்றால், மறுசரிபார்ப்பில் மாற்றப்பட்ட தீர்ப்புகளின் எண்ணிக்கை பதிவேட்டிலேயே இருக்கும். எண்ணிக்கை குறையவில்லை என்றால் உடனே ஆளைக் குறை சொல்லாமல் இரண்டைக் கேளுங்கள். அந்தப் பிழைக்கான பயிற்சிக் கணக்கு வகுப்பில் இருந்ததா? திரும்பி வந்தபின் அவருக்கு அந்த வேலையே கொடுக்கப்பட்டதா? முதல் கேள்விக்கான பதில் பயிற்சிக் கல்லூரிக்குப் போக வேண்டும், இரண்டாவதன் பதில் துறைத் தலைவருக்கு.